கல்விச் செலவும் நாட்டின் கடமையும்

ஒரு குடும்பத்தின் நாட்டம் எதில் உள்ளது என்பதை அதன் செலவுக் கணக்கே காட்டிவிடும். நாட்டிற்கும் அஃதே அளவுகோல். கல்வியைப் புகழ்ந்து பேசாத அரசு உலகில் இல்லை. அப்புகழ்ச்சியின் மெய்ம்மையை அறிய விரும்புவோர், அவ்வரசின் வரவு செலவுத் திட்டத்தை நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குங்கால், செலவிட்ட தொகை எவ்வளவு என்று கேட்பதோடு அமைதல் கூடாது. அதனால் எத்துணைப் பேர் கற்றனர்? எஞ்சிய செலவை யார் சுமந்தனர்? இவ்விரு வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். அண்டை நாடுகளாகிய இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிட்டால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இலங்கை அரசியல் விடுதலை பெற்றது 1948-ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1945-இல், தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி அங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பெரிதும் உழைத்தவர், அந்நாளில் கல்வி அமைச்சராக விளங்கிய கன்னங்கரா ஆவார். இன்றும் அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதற்பட்டம் பயிலும் மாணவர் பயிற்றுக் கட்டணம் செலுத்துவதில்லை. யாழ்ப்பாணத்து உழவர் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றுவிட்டால், கட்டணத்திற்காக அவள் தந்தை நிலத்தை விற்க வேண்டுவதில்லை.

ஆயினும், அவ்விடத்தைப் பெறுதலே அரிதாக உள்ளது. அண்மைக் காலத்தில் அந்நாட்டு அரசு கல்வி முழுமைக்கும் செலவிடுவது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஒட்டியதே. ஆதலின், தேர்வில் தகுதி பெற்றோருள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்க நேர்கிறது. 1970-களின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் முறையால், தமிழ் மாணவர் பிறரினும் மிகுதியான மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று. அதனால் விளைந்த மனப்புண் எளிதில் ஆறவில்லை. இடம் சிறிதாயின் போட்டி பகையாகவும் முதிரும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இந்தியாவின் நிலை வேறு. இங்கு இடங்கள் பெருகியுள்ளன. 2021-22-ஆம் ஆண்டில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தோர் 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட, இது நூற்றுக்கு 28.4 ஆகும், தமிழ்நாட்டிலோ இவ்வளவு 47-ஐ எட்டியது. ஆனால், இவ்வளர்ச்சியின் சுமை முழுவதையும் அரசு தாங்கவில்லை. 2020-21-இல் நாட்டிலிருந்த கல்லூரிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 21 மட்டுமே அரசினுடையவை. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்குக என்று கோத்தாரி குழு 1966-இல் பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. 2020-ஆம் ஆண்டின் கொள்கையும் அதே இலக்கை மீண்டும் கூறி, செலவு 4.43 பங்களவிலேயே நிற்பதை ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டு கடந்தும் சொல் செயலாகவில்லை.

இதன் பயனைச் சென்னையின் மேற்குப் புறத்தில் கண்கூடாகக் காணலாம். சமதருமப் பாங்கான சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று 1955-இல் காங்கிரசு மாநாடு தீர்மானித்த இடம் ஆவடி. பின்னர் அங்குக் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அவற்றிற்கு வேண்டிய கல்வியறிவை வழங்கும் பொறுப்பில் பெரும் பகுதியை, ஆவடியைச் சுற்றியும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் எழுந்த தனியார் கல்லூரிகள் ஏற்றன. அவை இல்லையேல் பலர்க்குப் படிப்பே இல்லை என்பது உண்மை. ஆனால், தொழிற்பேட்டையில் உழைக்கும் தந்தை தம் மகளைப் பொறியாளராக்க வங்கிக் கடனையும் அடகுக் கடையையும் நாட நேர்வதும் உண்மையே.

தமிழக அரசு இக்குறையை ஓரளவு தணிக்க முயன்றுள்ளது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021-இல் வந்தது; அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ரூபாய் 1,000 வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. இவை போற்றத்தக்கன, எனினும் போதா.

எல்லார்க்கும் செலவிட அரசிடம் பொருள் ஏது எனச் சிலர் வினவுவர். கற்றவரின் உழைப்பால் நாடு முழுவதும் பயனடையுமாயின், அக்கல்விக்கான செலவை அவர்தம் பெற்றோர் மட்டும் சுமப்பது எங்ஙனம் முறையாகும்? ஏரியைத் தூர்வாரும் செலவு வீண் செலவன்று. அஃது அடுத்த விளைச்சலுக்கான முதலீடு. கல்விச் செலவும் அத்தகையதே.

இடமில்லாத இலவசமும் நிறைவு தராது. எளியோர்க்கு எட்டாத இடமும் நிறைவு தராது. கட்டணமின்மையை இலங்கையிடமிருந்து இந்தியாவும், இடப்பெருக்கத்தை இந்தியாவிடமிருந்து இலங்கையும் கற்றல் நலம். நாளை வாக்களிக்கவிருக்கும் இன்றைய மாணவர், நாட்டின் கணக்கைப் படித்து வினவும் பழக்கத்தை இப்பொழுதே மேற்கொள்வாராக.