பாடக்குறிப்பு கையெழுத்துக்காக அல்ல

வாரம் பிறந்தால் தமிழகப் பள்ளி ஆசிரியர் பாடக்குறிப்பு ஏட்டைத் தலைமையாசிரியரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என எல்லாத் தலைப்புகளும் அதில் வரிசையாக இருக்கும். ஆனால், பல ஏடுகள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் பார்த்து ஞாயிறு இரவில் எழுதப்பட்டவை. இது எழுதுபவருக்கும் தெரியும்; கையெழுத்திடுபவருக்கும் தெரியும். இருவரும் அறிந்தே நடத்தும் இந்தச் சடங்கு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதி.

மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் நான்கில் ஒரு பங்குதான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தத் தவறு வரும் என்று முன்பே எண்ணி, ஒரே அளவுள்ள இரண்டு காகிதங்களை மடித்துக் காட்டத் தீர்மானித்து, கடைசி ஐந்து நிமிடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டால் புரிந்தது தெரியவரும் என்பதையும் முடிவு செய்துகொண்டு வகுப்புக்குள் நுழைவதுதான் திட்டமிடல். 1998இல் கல்வியாளர்கள் கிராண்ட் விகின்ஸும் ஜே மெக்டையும் முன்வைத்த முறையின் சாரமும் இதுவே: பிள்ளை எதைக் கற்க வேண்டும், கற்றதை எப்படி அறிவது என்பவற்றை முதலில் முடிவு செய்ய வேண்டும், செயல்பாடுகளை அதன் பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சிந்தனை நடந்திருந்தால் அரைப்பக்கக் குறிப்பு போதும். நடக்காவிட்டால் பத்துப் பக்கமும் வீண்.

சிந்திக்க நேரம் எங்கே? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரப் பணி என்று சொல்லும்போதே, பாடத் தயாரிப்பும் அதில் அடக்கம் என்கிறது. ஈராசிரியர் பள்ளியிலோ இருவர் ஐந்து வகுப்புகளைச் சமாளிக்கிறார்கள். போதாததற்கு எமிஸ் இணையதளத்தில் பள்ளித் தகவல் பதிவு, நலத்திட்டப் பொருள் கணக்கு, வாக்காளர் பட்டியல் வேலை. சட்டம் பணியென்று ஏற்ற தயாரிப்புக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட ஒதுக்காமல், ஏட்டை மட்டும் கேட்பது நிர்வாகத்தின் நேர்மையின்மை.

ஆசிரியர் பயிற்சியின் நிலையும் வேறல்ல. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது, நல்ல நோக்கம். ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் குறுவள மையக் கூட்டங்களில் காணொளி ஓடுகிறது, வருகைப் பதிவு நடக்கிறது, குழுப் படம் பதிவேற்றப்படுகிறது. திங்களன்று திணறப்போகும் பாடத்தைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை. வேறு வழி உண்டு. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து விவாதிப்பார்கள். இதை இங்கும் செய்யப் புதுக் கட்டடமோ தனி நிதியோ வேண்டாம். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஏற்கெனவே குறுவள மையத்தில்தான் கூடுகிறார்கள்.

ஆசிரியர்களும் தப்ப முடியாது. தன் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தை நினைக்காமல் யாரோ எழுதியதைப் படியெடுப்பவர், மாணவன் பார்த்து எழுதினால் தண்டிக்கும் தகுதியை இழக்கிறார். வேலைப்பளு உண்மைதான், அது காரணமாகலாம், நியாயமாகாது.

ஆயினும் பெரும் பொறுப்பு அதிகாரம் உள்ளவர்களுடையது. வாரத்தில் இரண்டு பாடவேளைகளையாவது தயாரிப்புக்கு ஒதுக்குங்கள். பதிவேற்றப் பணிகளுக்கு வேறு ஆள் போடுங்கள். பார்வையிட வரும் அலுவலர் ஏட்டைப் புரட்டுவதை விட்டு, வகுப்பில் அமர்ந்து ஒரு பாடத்தை முழுமையாகக் கவனிக்கட்டும். பிள்ளை கற்றதா என்று கேட்காத எந்த ஆய்வும் கல்வித் துறையின் வேலையாகாது.