புதிய பழ ஈயும் பழைய பெயரும்

மாம்பழத்தை அறுத்தவுடன் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிவதைக் கண்டிராத தோட்டக்காரர் நம் நாட்டில் இரார். அது எந்த ஈயின் புழு என்று வினவினால், “பழ ஈதான், வேறென்ன?” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஈக்குப் பெயர் தேடுவது பூச்சி சாஸ்திரிகளின் வேலை, நமக்கு வேண்டியது அதை ஒழிக்கும் வழி மாத்திரமே என்னும் எண்ணம் நிலமுடையோரிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் பிழையானது என்பது என் அபிப்பிராயம். ஓர் ஈ புதிய இனமா, பழைய இனமா என்னும் வழக்கில் தோட்டக்காரருடைய பணம் அடங்கியிருக்கிறது. அவ்வழக்கைத் தீர்க்கும் சாட்சியமும் அவர் தோட்டத்திலேதான் இருக்கிறது. இதனை விளக்குவதற்கு ஆப்பிரிக்காக் கண்டத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அதில் நம் அண்டைத் தீவாகிய இலங்கைக்கும் பங்குண்டு.

2003-ஆம் வருஷத்தில் கென்யா நாட்டின் கடற்கரைப் பிரதேசத்தில், அதுவரையில் அங்கே எவரும் கண்டிராத ஒரு பழ ஈ அகப்பட்டது. மாம்பழத்தைக் கெடுக்கும் ஈக்கள் ஆப்பிரிக்காவில் முன்னரே உண்டு. ஆயினும் அவை வேறு குலத்தைச் சேர்ந்தவை. புதிதாக வந்ததோ நம் ஆசியக் கண்டத்து ஈக்களின் சாயலை உடையது. குளவியைப்போன்ற உருவம், மார்பின் இரு மருங்கிலும் மஞ்சட் கோடுகள், வயிற்றின்மேல் ஆங்கில ‘டி’ எழுத்தைப்போன்ற கருங்குறி, சிறகின் முன்விளிம்பு நெடுகிலும் மெல்லிய கரும்பட்டை ஆகிய யாவும் ‘பாக்ட்ரோசீரா டார்சாலிஸ்’ என்று சாஸ்திரிகள் வழங்கும் கீழ்நாட்டுப் பழ ஈயையே நினைவூட்டின. நம் மாந்தோப்புகளில் பெருநஷ்டம் விளைவிப்பது அந்த டார்சாலிஸ்தான். அதற்கு முதன்முதல் இலக்கணம் வகுத்தவர் ஹெண்டெல் என்பவர், வருஷம் 1912, மாதிரி கிடைத்த இடம் ஃபார்மோசா எனப்பட்ட தைவான் தீவு.

ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. டார்சாலிஸின் மார்பு கறுப்பு என்பது நூல் வழக்கு. கென்யாவின் ஈக்களிலோ சிலவற்றின் மார்பு கறுத்தும், சிலவற்றினுடையது செம்பழுப்பாகவும், வேறு சிலவற்றினுடையது இரண்டுக்கும் இடைப்பட்டும் காணப்பட்டன. அத்தகைய ஈக்கள் இலங்கையிலும் கிடைத்தன. ஆதலின் ஆஸ்திரேலியரான ட்ரூ, ஜப்பானியரான ட்சுருடா, ஆங்கிலேயரான வைட் ஆகிய மூவரும் 2005-இல் அதனை ஒரு புதிய இனமென்று கொண்டு, ‘பாக்ட்ரோசீரா இன்வேடன்ஸ்’ எனப் பெயரிட்டு வெளியிட்டனர். படையெடுத்து வருவது என்பது அப்பெயரின் பொருள். பெயர் பொருத்தமானதே, சில வருஷங்களுக்குள் அந்த ஈ கண்டத்தின் மேலைக் கடற்கரை வரையில் பரவிவிட்டது.

ஒரு புதிய இனத்தை வெளியிடுவது என்றால் என்ன என்பதை நம் வாசகர்களில் சிலர் அறியாதிருக்கலாம். கிடைத்த ஈக்களுள் ஒன்றை மூல மாதிரியாகத் தெரிந்தெடுத்து, அதனை ஒரு பொருட்காட்சிச்சாலையில் வைத்து, அதன் தலை முதல் முட்டையிடும் குழல் வரையிலுள்ள அங்க அடையாளங்களை அளந்தெழுதி, ஒத்த இனங்களினின்றும் அது எவ்வாறு வேறுபடுகிறது என்பதைக் காட்டி, லத்தீன் முறையில் பெயரிட்டு அச்சிடவேண்டும். பட்டா நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ அப்படியே இனத்துக்கு மூல மாதிரி. பிற்காலத்தில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அங்கே சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயர் அச்சேறியவுடன் அதன் பலன் வயலை எட்டியது. இன்வேடன்ஸ் உள்ள நாடு என்ற காரணத்தால் கென்யாவின் வெண்ணெய்ப்பழத்தைத் தென்னாப்பிரிக்கா வாங்க மறுத்தது. டார்சாலிஸ் இனத்தைப் பழத்துக்குள்ளேயே கொல்லுவதற்கு எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு குளிர் வேண்டும் என்பது பல ஆண்டுச் சோதனைகளால் முன்னமே அறியப்பட்டிருந்தது. எனினும் அக்கணக்குகளை இன்வேடன்ஸுக்குப் பயன்படுத்த முடியவில்லை, பெயர் வேறாயிற்றே! சோதனைகளை மறுபடியும் தொடங்கவேண்டியதாயிற்று. அதுவரையில் பழம் மரத்தில் காத்திருக்குமா? ஒரு பெயரின் காரணமாகக் குடியானவனுடைய சரக்கு தேங்குவது இவ்விதமே.

இதற்கிடையில் சாஸ்திரிகளுக்குள்ளேயே ஐயம் வளர்ந்தது. டார்சாலிஸைச் சுற்றி இதைப்போன்ற வழக்குகள் வேறு சிலவும் இருந்தன. 1994-இல் ட்ரூ, ஹான்காக் என்னும் இருவர் இக்கூட்டத்தைப் பகுத்து, மலேயாப் பக்கத்து ஈக்குப் ‘பப்பாயே’ என்றும், பிலிப்பைன்ஸ் ஈக்குப் ‘பிலிப்பினென்சிஸ்’ என்றும், நட்சத்திரப் பழத்தைத் தாக்கும் ஈக்குக் ‘காரம்போலே’ என்றும், இலங்கையின் ஓர் ஈக்குக் ‘கண்டியென்சிஸ்’ என்றும் பெயர் சூட்டியிருந்தனர். முட்டையிடும் குழலின் நீளம், வயிற்றுக் குறியின் அகலம் முதலிய நுட்பமான அளவுகளே இவற்றுள் சிலவற்றைப் பிரிப்பதற்கு ஆதாரம். பல ஊர்களிலிருந்து ஈக்களைச் சேர்த்து அளந்தபோது ஓர் இனத்தின் அளவு மற்றோர் இனத்தின் அளவோடு கலந்துபோயிற்று.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில் பல நாட்டு நிபுணர்கள் இவ்வழக்கை எடுத்துக்கொண்டனர். அவர்கள் உருவ அளவுகளோடு நில்லாது, மரபணுவையும் குரோமோசோம்களையும் ஆராய்ந்தனர். ஆண் ஈ பெண்ணை அழைக்கப் பயன்படுத்தும் வாசனைப் பொருள்களைப் பிரித்துப் பார்த்தனர். வெவ்வேறு நாட்டு ஈக்களை ஒரே கூண்டில் விட்டு, அவை தம்முள் கூடுகின்றனவா, பிறக்கும் சந்ததி வளமாயிருக்கிறதா என்பதையும் கண்டனர். கென்யாவின் ஈயும் கீழ்நாட்டு ஈயும் வேற்றுமையின்றிக் கூடின, குஞ்சுகளும் செழித்தன, வாசனையும் ஒன்றே. ஆகவே 2015-இல் இன்வேடன்ஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ் ஆகிய யாவும் டார்சாலிஸே என்று தீர்ப்பெழுதினர். முந்திய பெயரே நிற்கும் என்பது பெயரிடும் விதியாதலால், ஹெண்டெல் 1912-இல் இட்ட பெயரே நிலைத்தது. காரம்போலே மாத்திரம் வாசனையாலும் கூடும் வழக்கத்தாலும் வேறாகத் தேறித் தனி இனமாகவே நின்றது. ட்ரூ இத்தீர்ப்பை ஏற்கவில்லை. 2016-இல் வெளியான நூலொன்றில் பழைய பிரிவுகளை மீண்டும் நிலைநாட்ட முயன்றார். மறு வருஷமே ஏனையோர் அதனை மறுத்தெழுதினர். இன்று பெரும்பாலோர் கொள்கை ஒரே இனம் என்பதே.

பத்து வருஷம் வீண் என்று இதைப் படிப்போர் சொல்லக்கூடும். அவ்வாறு நான் கருதவில்லை. புதிய ஈ வந்துவிட்டது என்று 2005-இல் பறையறையாதிருந்தால் அக்கண்டத்துச் சர்க்கார்கள் இன்னும் மெத்தனமாக இருந்திருப்பர். அம்மூவர் கண்ட நிற வேற்றுமையும் கற்பனையன்று. குறை வேறிடத்திலுள்ளது. நிறத்தையும் சில அளவுகளையும் கொண்டு மாத்திரம் இனம் பிரிப்பது, கொம்பின் வளைவைக்கொண்டு மாட்டின் சாதியைத் தீர்ப்பதற்கு ஒப்பாகும். சில சமயம் சரியாயிருக்கும். சந்தையில் அதை நம்பிப் பணம் கட்டமுடியாது. மரபணுவைப் பார்த்தால் போதுமென்று இக்காலத்தில் கூறுவோரும் உளர். அதுவும் முழு மருந்தன்று. வழக்கமாகச் சோதிக்கும் ஒரு மரபணுத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு டார்சாலிஸையும் காரம்போலேயையும் ஐயமறப் பிரிக்க முடியவில்லை. எந்தப் பழத்தில் வளர்ந்தது, எந்த ஊரில் கிடைத்தது, எதனோடு கூடுகிறது என்பவையும் சேர்ந்தே ஓர் இனத்தை நிறுவுகின்றன. இவற்றுள் முதல் இரண்டும் ஆய்வுச்சாலையில் கிடைப்பவையல்ல, தோட்டத்திலிருந்தே வரவேண்டும்.

நம் மாந்தோப்புகளுக்கு வருவோம். இங்கே மாம்பழத்தில் ஒரே ஈதான் உண்டென்று எண்ணவேண்டாம். டார்சாலிஸோடு ‘சோனாட்டா’, ‘கரெக்டா’, ‘கேரியே’ என்னும் மூன்றும் நம் பக்கத்தில் உள. சோனாட்டா செம்பழுப்பு நிறத்தது. சிறகின் முன்விளிம்பில் தொடர்ந்த பட்டையில்லை, நுனியில் ஒரு புள்ளி மாத்திரமே. கரெக்டாவுக்கும் நுனிப் புள்ளியுண்டு. ஆனால் முகத்திலுள்ள கரும்புள்ளிகள் இரண்டும் குறுக்கே நீண்டிருக்கும். கேரியேதான் நம்மை மயக்குவது. சிறகுப் பட்டையும் கறுத்த மார்பும் டார்சாலிஸைப்போலவே இருக்கும். தொடைகளில் பெரிய கரும்புள்ளிகளைப் பார்த்தே அறியவேண்டும். 1971-இல் கபூர் என்பவர் அதனைத் தனியினமாக வெளியிடும்வரையில் அது டார்சாலிஸ் என்ற பெயருக்குள்ளேயே மறைந்து கிடந்தது. ஆகவே தென்னாட்டைப்பற்றிய பழைய குறிப்புகளில் டார்சாலிஸ் என்றிருப்பவை எல்லாம் உண்மையில் டார்சாலிஸ்தானா என்பது ஐயத்துக்கிடமானது. ஆப்பிரிக்காவில் ஒன்றைப் பலவென்று எண்ணினர். நாம் இரண்டை ஒன்றென்று எண்ணியிருந்தோம்.

மெத்தில் யூஜினால் கவர்ச்சிப் பொறியை இப்பொழுது பலரும் தோட்டங்களில் தொங்கவிடுகின்றனர். பீகாரிலுள்ள பூசாவில் ஹௌலட் என்பவர் சிற்றோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-இல் எழுதி, 1915-இல் இப்பொருளின் கவர்ச்சியையும் வெளிப்படுத்தினார். உலகெங்கும் வழங்கும் இப்பொறியின் பிறப்பிடம் நம் நாடே என்பது பலருக்குத் தெரியாது. பொறி நல்லதுதான். எனினும் மேற்சொன்ன நான்கினங்களின் ஆண் ஈக்களும் அதில் வந்து விழும். விழுந்த ஈ எந்தப் பழத்தில் வளர்ந்தது என்பதைப் பொறி சொல்லாது. பெண் ஈயைத் தராது. பொறியில் நூறு ஈ விழுந்தது என்று எழுதும் அறிக்கையால் இனத்தைப்பற்றிய வழக்கு ஒன்றும் தீராது.

ஆகையால் பழத்திலிருந்தே ஈயை வளர்த்தெடுக்கவேண்டும். இதில் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. புழு விழுந்த பழங்களை ஒரே வகையாகப் பொறுக்கி, இரண்டு விரற்கடை ஈரமணல் பரப்பிய வாயகன்ற பாத்திரத்தில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வைக்கவேண்டும். நீலமும் பெங்களூராவும் ஒரே பாத்திரத்தில் கலத்தலாகாது. மாவும் கொய்யாவும் கலப்பது அதனினும் கேடு. முதிர்ந்த புழுக்கள் பழத்தைவிட்டுத் துள்ளி மணலுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். அவற்றைச் சலித்தெடுத்து வேறொரு பாத்திரத்தில் வைத்தால் ஏறக்குறைய பத்து நாளில் ஈக்கள் வெளிவரும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். அன்றே பிறந்த ஈ வெளிறியிருக்கும். கரும்பட்டையும் மஞ்சட் கோடும் தெளியா. சர்க்கரையும் நனைந்த பஞ்சும் வைத்து ஐந்தாறு நாள் உயிரோடு காத்து, நிறம் தேறிய பின்னரே கொல்லவேண்டும். மார்பின் நிறத்தை வைத்து ஒரு கண்டமே வழக்காடியதை நினைத்தால் இந்த ஐந்து நாளின் அருமை விளங்கும்.

கொன்ற ஈக்களில் பாதியை உலர்த்தியும், பாதியை நல்ல சாராயத்தில் இட்டும் வைக்கவேண்டும். சாராயத்தில் நிறம் மாறும், ஆனால் மரபணு கெடாது. உலர்ந்ததில் நிறம் நிற்கும். ஊர், தாலுகா, பழத்தின் வகை, பறித்த தேதி, வளர்த்தவர் பெயர் ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடவேண்டும். மை சாராயத்தில் கரைந்துவிடும். இக்குறிப்பில்லாத ஈ எவ்வளவு அபூர்வமானதாயினும் சாஸ்திரிக்குப் பயன்படாது.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கேனும் வழக்கத்துக்கு மாறான ஈயைக் கண்டதாகச் செய்தி வந்தால், ‘புதுப்பூச்சி தோன்றியது’ என்று மேலுக்கு எழுதிவிடுவது எளிது. அச்சொல் பத்திரிகையில் ஏறி, வெளியூர் வியாபாரியின் காதுக்கு எட்டி, நம் பழத்தின் விலையில் வந்து நிற்கும். 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் ஐரோப்பியக் கூட்டு நாடுகள் இந்திய மாம்பழத்தைத் தடுத்தது பழ ஈயின் பொருட்டே. அத்தடை மறு வருஷம் நீங்கும்வரையில் ஏற்றுமதி செய்வோர் பட்ட பாடு அனைவரும் அறிந்தது. ஆகவே மாதிரி கையில் இல்லாமல் பெயரெழுதவேண்டாம். செய்தியை மறைக்கவும் வேண்டாம். அது இதனினும் பெருங்குற்றம். மேற்கூறிய குறிப்புச்சீட்டோடு மாதிரியைத் தோட்டக்கலை அதிகாரியின் வழியாகக் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறைக்கு அனுப்பினால் அங்குள்ளோர் பார்த்துச் சொல்வர். ஐயமிருப்பின் அவர்கள் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி வளங்கள் நிலையத்துக்கு அனுப்பக்கூடும்.

மாம்பருவத்தின் முதலிலும் நடுவிலும் கடையிலும் ஒவ்வொரு முறை இவ்வாறு செய்தால் போதும். பருவத்தினூடே ஈயினம் மாறுவதுண்டு. வளர்ப்பதற்கு எடுத்தவை போக எஞ்சிய புழுப்பழங்களை மரத்தடியில் விட்டுவைக்காமல் இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடவேண்டும்.