பதிவுக்குப் பயப்படாதீர்கள்



பிரான்சில் நாங்கள் இருப்பது ஒரு கிராமத்தில். தமிழ்க் கடையுமில்லை, பேச்சுத் துணையுமில்லை. 2019 முதல் இங்கு மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். பிள்ளையைப் பதிவது 'மெரி' எனப்படும் ஊர்ச்சபையில். பதிவு என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆமிக்கு எத்தனை தரம் பெயர் கொடுத்தோம்! இங்கே பிறப்புச் சான்றிதழ், முகவரி அத்தாட்சி, தடுப்பூசி அட்டை, இவ்வளவும்தான் கேட்டார்கள். பெற்றோரின் விசாவைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆகவே அகதி வழக்கு முடியாதவர்களும் பிள்ளையைச் சேர்க்கலாம். ஊசி குறைந்தால் தற்காலிகமாகச் சேர்த்து மூன்று மாத அவகாசம் தருவார்கள். ஆறு வயதுவரை தாய் சேய் நிலையத்தில் அது இலவசம். முதல்நாள் வாசலில் அழுத சின்னவள், புதன்கிழமை பள்ளி இல்லையென்றால் இப்போது முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். எனக்கு 'பொன்ஜூர்' பழக்குபவளும் அவளே.