ஆறு ஈமு கோழியும் முதல் மாத வட்டியும்

பெருந்துறைப் பக்கம் 2012-க்கு முன் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்பி வலை அடித்த கொட்டகைக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஈமு கோழிகள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் நிறுவனமே தரும். மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம்; ஆண்டுக்கொரு முறை 20,000 ரூபாய் போனஸ். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 61 சதவீதம். ஈமு கறியை யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டவர் குறைவு. மாதம் பிறந்தால் பணம் வந்துகொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றபோது, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசுதான் தீவனம் போட்டது.

ஒவ்வொரு மோசடி வெடிக்கும்போதும் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஏமாந்தவரையே ஏசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் விசாரித்துவிட்டுத்தான் போடுகிறார். “அண்ணே, எனக்கு நாலு மாசமா தேதி தவறாம வருது” என்கிறார் மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரரோ. கண்ணெதிரே வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஆள் பிடிக்கும் செலவே அந்த வட்டிதான்.

ஆருத்ரா கோல்டு நிறுவன விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. லட்சம் ரூபாய் போட்டவருக்கு மாதம் 30,000 கொடுத்தால் நான்காவது மாதத்திலேயே அவர் போட்டதைவிட அதிகம் போய்விடும். எந்தத் தங்க வியாபாரத்தில் இந்த லாபம் வரும்? பின்னால் வரிசையில் நிற்பவரின் முதல்தான் முன்னால் நிற்பவருக்கு வட்டி. சேர்த்துவிட்ட மச்சானுக்குக் கமிஷனும் அதிலிருந்துதான். பல நேரம் அவரும் தெரியாமல்தான் சேர்த்துவிடுகிறார்.

ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனம்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. ஆண்டுக்கு! அதை ஒருவர் மாதத்துக்கே தருகிறேன் என்றால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பெனிப் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி எண், பான் அட்டை. இவை எதுவும் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி ஆகாது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ இணையதளத்தில் இருக்கிறது. அங்கேயே புகாரும் கொடுக்கலாம். சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவான சீட்டா என்று பார்க்க வேண்டும். பங்குச் சந்தை ஆலோசகர் என்றால் செபி பதிவு எண்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் கொண்டுவந்தது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களுக்கு 2019-இல் மத்திய அரசே தடை விதித்தது. ஆனால் போலீஸ் பெரும்பாலும் புகார் வந்த பிறகே வருகிறது. வட்டி நின்றதும், “கம்ப்ளெயின்ட் கொடுத்தா இருக்கிற பணமும் வராது, ரெண்டு மாசம் பொறுங்க” என்று ஏஜென்ட் சொல்வார். அந்த இரண்டு மாதத்தில் சொத்து கைமாறிவிடும், ஆளும் வெளிநாடு போய்விடுவார். திருப்பூர் ‘பாசி’ நிதி நிறுவனம் 2009-இல் கவிழ்ந்தது. இயக்குநர்களுக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது 2022-இல்தான்.

இந்த மாத வட்டி வரவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். பாண்டு பத்திரத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். மச்சானையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.