பாட்டனார் துப்பாக்கியைச் சுடலாமா?

ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று முன்பு இந்தியச் சட்டம் இருந்தது. 2019இல் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். ஆகவே, எதை வைத்துக்கொள்வது, எதை ஒப்படைப்பது என்று பார்க்கும்போது, அது சுடத் தகுந்ததா என்றும் பார்ப்பது நல்லது.

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் குழலில் பாம்புத் தோல் போன்ற வரிகள் தெரிகின்றனவா? அது இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த ‘டமாஸ்கஸ்’ குழலாக இருக்கலாம். அத்தகைய குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்து, சுடுபவரின் விரல்கள் போய்விடலாம்.

குழலின் அடியில் சோதனை முத்திரை இருக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது. ஆனால் முத்திரை மட்டும் போதாது. பிறகு பிடித்த துரு அதில் தெரியாது. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதைச் சுடக் கூடாது.