பட்டமில்லாத இருபது ஆண்டுகள்

நூற்று நாற்பது கோடிப் பேரில் பந்து விளையாடப் பதினொரு பேர் கிடைக்கவில்லையா என்று நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் கேட்பதும், அடுத்த உலகக்கோப்பை வரை கால்பந்து என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுவதும் நம்மவர் வழக்கம். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. அதே தேதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கோலின்றிச் சமன் செய்து, கியூராசாவ் என்னும் கரீபியத் தீவு 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. அத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். கோடிக் கணக்குப் பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது; வாய்த்ததை அவர்களும் வீணாக்கவில்லை.

இந்தக் கேள்வியை இலக்கிய வாசகர்களும் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காதது. முந்நூறு பிரதிகள் அச்சான ஓர் இதழ் மூன்று லட்சம் பிரதிகள் விற்ற வார இதழைவிட மொழிக்கு முக்கியமானது என்று வாழ்நாளெல்லாம் வாதாடுபவர்கள் நாம். எண்ணிக்கையால் எதுவும் விளைவதில்லை என்பது நமது அடிப்படை நம்பிக்கை. பந்தைக் கண்டதும் அந்த நம்பிக்கை எங்கே போய்விடுகிறது?

கியூராசாவை உதாரணமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்குள்ள பயிற்சிக்கூடங்களில் வளர்ந்தவர்கள். வம்சாவளியால் தீவுக்கு வந்தவர்களே அன்றித் தீவில் விளைந்தவர்கள் அல்லர். விளைச்சலைப் பார்க்க வேண்டுமானால் வட அட்லாண்டிக்கில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில் கிடக்கும் ஃபாரோ தீவுகளுக்குத்தான் போக வேண்டும். பதினெட்டுத் தீவுகளிலும் சேர்த்து மொத்தம் சுமார் 54 ஆயிரம் பேர். 2011 கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் மட்டுமே 75 ஆயிரம் பேருக்கு மேல்; ராஜபாளையத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம். அதாவது அந்த நாடு முழுவதையும் நமது மேலரத வீதியைச் சுற்றிக் குடியமர்த்திவிட்டு மிச்ச இடத்தில் பால்கோவாக் கடையும் வைக்கலாம்.

அங்கே போர்தோய் என்றொரு தீவு. அதில் கிளாக்ஸ்விக் என்றொரு மீன்பிடி ஊர், சுமார் ஐயாயிரம் பேர். 2006-இல் கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறக்கும்வரை தலைநகர்ப் பக்கம் போகப் படகுதான். இந்த ஊரின் கே.ஐ. கழகம் 1904-இல் தொடங்கியது. 2023-இல் அது சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஹங்கேரியின் சாம்பியனான ஃபெரன்ஸ்வாரோஸைச் சந்தித்தது. சொந்த ஊரில் 0-0. புடாபெஸ்டில் 3-0 என்று வென்றது. ஹங்கேரியக் கழகம் உடனே தன் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்து ஸ்வீடனின் ஹேக்கன் அணியைப் பெனால்டி முறையில் வெளியேற்றியது. நார்வேயின் மோல்டேயிடம் முதல் ஆட்டத்தை வென்றும் இரண்டாவதில் கூடுதல் நேரத்தில் தோற்றது. அத்தோடு சாம்பியன்ஸ் லீக் கனவு முடிந்தாலும், கான்ஃபரன்ஸ் லீக் குழுச்சுற்றில் இடம் கிடைத்தது. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குழுச்சுற்றை எட்டிய முதல் ஃபாரோக் கழகம் அதுதான். அங்கே பிரான்சின் லில் அணியோடு ஒரு சமன், ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவோடு ஒரு வெற்றி. குழுவில் கடைசி இடம். அணியில் பலருக்குக் கால்பந்து முழுநேரத் தொழில் அல்ல, பகலில் வேறு வேலை.

இதையே உலகப் பத்திரிகைகள் அற்புதம் என்று எழுதின. தாவீது, கோலியாத்து, தச்சரும் ஆசிரியரும் கோடீஸ்வரர்களை வீழ்த்திய கதை. நமது நண்பர்களும் கண்கலங்கிப் படித்திருப்பார்கள். இந்தக் கண்கலங்கலைத்தான் நான் மறுக்கிறேன். கோடிக் கணக்குக்காரர் கழகத்தைக் காண்பதில்லை, தலைகளை எண்ணுகிறார். அற்புதக் கதைக்காரரும் கழகத்தைக் காண்பதில்லை, ஓர் இரவை மட்டும் காண்கிறார்.

காண வேண்டியது அந்த அணியின் பட்டியல். ஃபாரோ தீவுகளின் லீக் போட்டி 1942-இல், பிரிட்டிஷ் படைகள் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் தொடங்கியது. முதல் பட்டம் கிளாக்ஸ்விக்குக்கே. 1944-இல் மட்டும் போட்டி நடக்கவில்லை. போர்க்காலத்தில் பந்து கிடைக்கவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இவர்கள் பலமுறை வென்றார்கள். 1972-இல் வென்ற பிறகு அடுத்த லீக் பட்டம் 1991-இல். 1992-இல் லாட்வியாவின் ஸ்கொண்டோவோடு மோதி, சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் ஃபாரோக் கழகமாக இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். 1999-இல் மீண்டும் ஒரு பட்டம். அதற்கடுத்தது 2019.

இருபது ஆண்டுகள்! ஒரு பையன் பிறந்து, அதே கழகத்தில் சேர்ந்து, முதல் அணிக்கு வந்து ஆடும் வயதை எட்டும்வரை ஆண்கள் அணிக்கு லீக் பட்டமே இல்லை. கழகம் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. சிறுவர் அணிகள் நிற்கவில்லை. பெண்கள் அணியோ இந்த இடைவெளியில்தான் 2000 முதல் 2016 வரை பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றது. 2023-இன் வெற்றி இந்த இருபது ஆண்டுகளில் செய்யப்பட்டது. புடாபெஸ்டில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் என்ன நடக்கிறது? நமது ஊர்களில் விளையாட்டு என்றால் டோர்னமெண்ட். மறைந்த ஒரு பெரியவர் பெயரில் சுழற்கோப்பை, ஃபிளெக்ஸ் பேனர், மின்னொளி, வந்த பிரமுகருக்குப் பொன்னாடை. பதினாறு அணிகள் வந்தால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறுகின்றன. கோப்பை யாருக்கோ போகிறது. மூன்றாம் நாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. தோற்றவன் கற்றுக்கொள்ள அடுத்த வாரம் என்று ஒன்று இருப்பதில்லை. சிறந்த ஆட்டக்காரனுக்குத் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால் அணி முடிந்தது. செலவு செய்தவர் சலித்துக்கொண்டால் பெயரும் முடிந்தது. மேல்மட்டத்திலும் இதே கதை. கோவையைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கை வென்றது. மூன்றே ஆண்டுகளில் அந்தப் பெயர் தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. அதே 2018-19 பருவத்தில் நமக்கு மிக அருகில் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம்மில் எத்தனை பேர் அதை அறிந்திருந்தோம்?

பணமில்லை என்று சொல்லக் கூடாது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். கிளாக்ஸ்விக்குக்கு மீன் என்றால் நமக்கு நூல். மழையையும் சொல்லக் கூடாது. அவர்கள் ஈர மண்ணில் செயற்கைத் தரை போட்டு ஆடுகிறார்கள். மரபில்லை என்பதும் பொய். ஆண்டாளின் திருப்பாவையில் நப்பின்னை கையில் பந்தோடுதான் வருகிறாள். குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் பந்தாடியவளே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சிறியது அழகானது, அது அற்பாயுசில் முடிவது அதைவிட அழகானது என்று நாம் நம்புகிறோம். ‘எழுத்து’ 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றதை வீரமரணமாகவே பேசிவந்திருக்கிறோம். செல்லப்பா தன் கைப்பணத்தைப் போட்டு, இதழைத் தானே சுமந்து விற்று, அதைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார் என்பதில் பாதிக் கவனம்கூட நமக்கில்லை. நின்றதைப் பாடுகிறோம், நடந்ததைப் படிப்பதில்லை. சந்தா ஒழுங்காக அனுப்பாத வாசகர்கள் இதழ் நின்றதும் எழுதும் அஞ்சலிக் கட்டுரைகள் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கின்றன. கால்பந்தில் நாம் காட்டும் பழக்கமும் இதுவே. ஒரு இரவின் வெற்றிக்குக் கண்ணீர் உண்டு. பதினாறாம் வாரத்து 1-1 சமனுக்கு மைதானத்தில் ஆளில்லை. ஐம்பத்து நான்காயிரம் பேர் தங்கள் சிறிய மொழியில் நாவலும் எழுதி, லீக்கும் நடத்துவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் வேண்டியது அடுத்த வாரமும் வந்து நிற்கும் அதே பிடிவாதம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே அரைமணி நேரப் பேருந்துப் பயணம். இரு ஊரிலும் நான்கு நான்காக எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் இருமுறை ஆடினால் 56 ஆட்டங்கள், பதினான்கு ஞாயிறுகள். கடைசியில் வருகிற அணியும் பதினான்கு முறை ஆடியிருக்கும். கோப்பை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். யார் யாரோடு ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டும், அதை அடுத்த ஆண்டுவரை தொலைக்காமல் வைத்திருக்க ஒருவரும் வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டம் ஞாயிறன்று வந்தால் அந்த வாரம் மட்டும் ஆட்டத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.