ஐந்தும் சிப்பிதானா?

கெராங், லாலா, கெப்பா, லோக்கான், கூப்பாங். நம் கடற்கரை ஊர்களில் வளரும் பிள்ளைக்கு இவை ஐந்து வெவ்வேறு உணவுகள். தமிழ் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் ஐந்தும் 'சிப்பி' ஆகிவிடுகின்றன. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

கெராங்கின் ஓட்டில் ஆழமான வரிகள் உண்டு. பெரும்பாலான சிப்பியினங்களுக்கு இல்லாத செங்குருதி அதற்கு இருக்கிறது. காரணம், நம் உடலில் இருப்பது போன்ற ஈமோகுளோபின். கொய்த்தியாவில் அதை அரைவேக்காட்டில் சேர்ப்பவர்கள் இந்தச் சிவப்பைக் கண்டிருப்பார்கள். லாலாவின் ஓடு மெல்லியது. லோக்கான் கண்டல்காட்டுச் சேற்றில் புதைந்து வாழ்வது. கூப்பாங்கோ பச்சை ஓரங்கொண்ட நீண்ட ஓட்டுடன் கயிற்றிலும் கம்பத்திலும் ஒட்டி வளரும்.

மலாய்ப் பெயர்களும் குழப்பமற்றவை அல்ல. இங்குப் பலர் மணற்கரைச் சிப்பியைக் கெப்பா என்பர். கடல் கடந்து கலிமந்தானுக்குச் சென்றால் அதே சொல் கண்டல்சேற்றுச் சிப்பியைக் குறிக்கும். தமிழில் 'மட்டி' என்ற நல்ல சொல் உண்டு. ஆனால் அது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வாழைப்பழத்தின் பெயருமாகும். அறிவிலியைத் திட்டவும் பயன்படும். (வகுப்பில் இச்சொல்லைக் கூறிப் பாருங்கள், சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும்!)

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 2024ஆம் ஆண்டு போர்ட்டிக்சன் கடற்பகுதியின் கூப்பாங்கில் பாசிநஞ்சு கண்டறியப்பட்டு, அதை உண்ண வேண்டாமென மீன்வளத்துறை எச்சரித்தது. இத்தகைய நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. இச்செய்தியை வீட்டில் 'சிப்பி சாப்பிடாதீர்கள்' என்று மொழிபெயர்த்தால், கெராங் விற்பவரின் பிழைப்பு வீணே கெடும். அல்லது, கூப்பாங்கைச் சிப்பி என்று அறியாத பாட்டி அதையே சமைத்து வைப்பார். ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய் மருத்துவரிடம் 'சிப்பி' என்று மட்டும் கூறினாலும் இதே இடர்தான்.

தூய தமிழை வலியுறுத்தும் ஆசிரிய நண்பர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். பஸ்ஸைப் பேருந்து என்பதில் பொருள் எதுவும் குறைவதில்லை. ஐந்து உயிர்களை ஒரே சொல்லில் அடைப்பதில் நான்கு காணாமற்போகின்றன. ஆகவே, இவையெல்லாம் இருவோட்டு மெல்லுடலிகள் என்று இனத்தைத் தமிழில் கற்பிப்போம். வகையை ஊரில் வழங்கும் பெயராலேயே தமிழெழுத்தில் எழுதுவோம். மேல்வகுப்புகளில் அறிவியற்பெயரையும் காட்டலாம். அதுவும் மாறுவதுண்டு: அனடாரா கிரானோசா என்றிருந்த கெராங் இன்று தெகில்லார்கா கிரானோசா. எனினும் பழைய பெயர் இன்னதென்ற பதிவு அங்கே இருக்கிறது.

பெற்றோர்களே, அடுத்தமுறை வீட்டில் சமைத்தால் ஓடுகளைக் கழுவிக் காயவைத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வாங்கிய இடத்தையும், உங்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். கெராங்கை ஹொக்கியென்காரர்போல் 'ஹாம்' என்று எழுதினாலும் சரிதான்.